கடனட்டையும் கணக்கறிவும்

‘கடன் படாதே’ என்று இளைஞருக்கு உபதேசித்தல் எளிது. கடன் எவ்வாறு வளர்கின்றது என்பதைக் கணக்கிட்டுக் காட்டுதலே பயன் தருவது. உயர்தர வகுப்பை முடித்துத் தொழிலுக்குச் செல்லும் மாணவன், முதற் சம்பளம் பெற்ற சில காலத்துள் கடனட்டை பெறுமாறு அழைக்கப்படலாம். அதன்முன் அவன் அறிந்திருக்க வேண்டியவை மூன்று உள.

முதலாவது, அட்டை தரும் பணம் அவனுடையதன்று. நகையை அடகு வைத்த வீட்டில், வெறுங் கழுத்து நாடோறும் கடனை நினைவூட்டும். கடனட்டையோ கையிலிருந்து எதனையும் வாங்கிக்கொள்வதில்லை. ஆதலால் கடன் பட்டோம் என்ற உணர்வே எழுவதில்லை.

இரண்டாவது, தவணை நாள். மாதக் கணக்குக் கூற்றிற் குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்துவோர், வாங்கிய பொருள்களுக்குப் பொதுவாக வட்டி கொடுப்பதில்லை. ஆனால் அட்டையைக் கொண்டு காசு எடுத்தால் இச்சலுகை இல்லை; எடுத்த நாள் தொட்டே வட்டி ஏறும், கட்டணமும் சேரும்.

மூன்றாவதே மிக முக்கியமானது. கூற்றிலே ‘குறைந்தபட்சக் கொடுப்பனவு’ என ஒரு சிறு தொகை காணப்படும். அதனைச் செலுத்தினாற் போதும் என்று இளைஞன் எண்ணுவது இயல்பு. உதாரணமாக, கடன் 100,000 ரூபா. வட்டி மாதம் 2 வீதம். வட்டி சேர்ந்த மீதியில் 5 வீதம் குறைந்தபட்சக் கொடுப்பனவு எனக் கொள்வோம். புதிதாக எதுவும் வாங்காமலே ஓராண்டு இவ்வாறு செலுத்துவோன் ஏறத்தாழ 51,770 ரூபா கொடுத்திருப்பான். எனினும் 68,530 ரூபா கடன் எஞ்சி நிற்கும். கொடுத்ததில் 20,300 ரூபா வட்டிக்கே போயிற்று. அதே கடனுக்கு மாதந்தோறும் 10,000 ரூபா செலுத்துவோனோ பன்னிரண்டாம் மாதத்தில் விடுபடுவான். அவன் கொடுக்கும் மொத்த வட்டி ஏறத்தாழ 12,700 ரூபாவே.

வட்டி வீதமும் நிலையானதன்று. 2020 ஆம் ஆண்டில் இலங்கை மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீத உச்ச வரம்பு விதித்தது. 2022 இல் அது நீக்கப்பட, வீதங்கள் விரைந்து உயர்ந்தன. முன்பு தாங்கக்கூடியதாயிருந்த கடன் பின்பு சுமையாயிற்று.

தவணை தவறுதலும் மறைந்து போவதன்று. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்திலே கடன் பெற்றோரின் விபரங்கள் பதிவாகின்றன. பின்னாளில் வீடு கட்டக் கடன் கேட்கும்போது வங்கி அப்பதிவையே நோக்கும்.

ஆகவே, மேற்கூறிய கணக்கை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதோடு அமையாது, மாணவர் ஒவ்வொருவரும் மாதம் மாதமாகத் தம் கையாற் கணித்துப் பார்க்கச் செய்தல் வேண்டும். மீதி எத்துணை மெதுவாகக் குறைகின்றது என்பதைத் தானே கண்ட மாணவன், பிற்காலத்தில் கையொப்பமிடுமுன் வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, முழுதும் தீர எத்தனை மாதம் என்று கேட்பான்.