குவாலிஸ் போய் டவுன் பஸ் வந்தது

2004-இல் சென்னையில் நள்ளிரவு தாண்டி ஒரு கட்டட வாசலில் வெள்ளைக் குவாலிஸ்கள் வரிசைகட்டி நின்றால், உள்ளே கால் சென்டர் ஓடுகிறது என்று போர்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஓட்டுநர்கள் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுவார்கள். வாட்ச்மேன் கையில் டிராப் பட்டியல் மடங்கிக் கசங்கி இருக்கும். நான் அப்போது அப்படி ஒரு நிறுவனத்தில் அட்மின். பேனா வாங்குவதிலிருந்து கட்டடம் பிடிப்பதுவரை எல்லாம் என் தலையில்தான். "செலவு குறைவா ஒரு இடம் பாருங்க" என்பார்கள். நானும் சதுர அடி என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வேளச்சேரி, பெருங்குடி, அம்பத்தூர் என்று அலைவேன்.

இன்றைக்கும் அதே வேலைதான், விழுப்புரத்தில். ஆனால் கட்டடக்காரரிடம் கேட்கிற முதல் கேள்வி வேறு.

அன்றைக்குச் சென்னையை விட்டால் வேறு ஊர் என்ற பேச்சே எழாது. அழைப்புகள் அமெரிக்காவிலிருந்து வந்தன. அவை வந்து சேர வழி வேண்டும். வெளிநாட்டுத் தொலைபேசியில் வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம் 2002 ஏப்ரலில் முடிந்தது. அதே ஆண்டு சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 'ஐ2ஐ' கேபிள் வந்தது. தரமணியில் டைடல் பார்க் 2000-லேயே திறந்தாயிற்று. கேபிள் கரையேறும் ஊரில் கம்பி மலிவு, மாற்றுக் கம்பியும் கிடைக்கும். மாவட்டத் தலைநகரில் ஒரு குத்தகை இணைப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது வந்த பிறகும், எங்கோ ரோடு போட ஜே.சி.பி. தோண்டினால் அன்றைய ஷிஃப்ட் காலி.

எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வங்கியில் ஐந்து கவுன்டருக்கும் ஒரே டோக்கன் வரிசை என்றால் கூட்டம் வேகமாகக் கரையும். கவுன்டருக்கு ஒரு வரிசை என்றால் ஒருவர் ஈ ஓட்டுவார், பக்கத்தில் இருப்பவர் திணறுவார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர் நூறு வருடம் முன்பே இதற்குச் சூத்திரம் எழுதி வைத்துவிட்டார். நூறு பேரை ஒரே ஹாலில் உட்காரவைத்தால் சமாளித்துவிடுகிற அழைப்புகளை, இருபது இருபதாக ஐந்து ஊரில் பிரித்தால் சமாளிக்க முடியாது. கூடுதல் ஆள் எடுக்க வேண்டும். அழைப்பைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி கட்டடத்துக்குள் இருந்தவரை இதை மீற வழியில்லை.

வாடகைக் கணக்கில் நான் எப்படி ஏமாந்தேன் என்று சொல்கிறேன். நடைபாதை, சாப்பாட்டு அறை எல்லாம் சேர்த்து ஓர் இருக்கைக்கு எண்பது சதுர அடி என்று வையுங்கள். நூறு இருக்கைக்கு 8,000 சதுர அடி. சதுர அடிக்கு 20 ரூபாய் பேரம் பேசிக் குறைத்தால் மாதம் 1,60,000 ரூபாய் மிச்சம். ஓர் இருக்கைக்கு 1,600. ஒரே இருக்கையில் இரண்டு ஷிஃப்ட் உட்கார்ந்தால் தலைக்கு 800. இந்த எண்ணூறு ரூபாய்க்காக நான் செருப்புத் தேய அலைந்துகொண்டிருந்தபோது, ஆறு வாரம் சம்பளம் கொடுத்துப் பயிற்சி கொடுத்த பையன், எதிர்க் கட்டடத்தில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று நாலாவது மாதம் கிளம்பிப் போய்விடுவான். போன ஆளோடு போன பணத்துக்கு வாடகை ரசீது மாதிரி ரசீது கிடையாது. அதனால் அது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான்.

வண்டிச் செலவு மட்டும் கண்ணில் பட்டது. ராத்திரி வேலை என்றால் வீட்டுவாசல் வரை வண்டி. 2005 டிசம்பரில் பெங்களூருவில் கால் சென்டர் பெண் ஊழியர் ஒருவர் வண்டி ஓட்டுநர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு வண்டியில் கடைசியாக இறங்குபவர் பெண்ணாக இருந்தால் கூட ஒரு காவலாளி போக வேண்டும் என்று எங்களிடமும் விதி வந்தது. சரியான விதிதான். ஆனால் தாம்பரத்தில் ஒருத்தர், திருவொற்றியூரில் ஒருத்தர் என்று சிதறிக் கிடந்தவர்களைச் சேர்த்து ரூட் போடுவதிலேயே என் சாயங்காலங்கள் போயின.

2012-இல் நாங்கள் ஒரு முறை தெற்கே போய்ப் பார்த்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். வாடகை சென்னையில் பாதிகூட இல்லை, படித்த பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர். எல்லாம் பொருந்தியது, மின்சாரத்தைத் தவிர. அந்த வருட மின்வெட்டைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் வெளி மாவட்டங்களில் பாதி நாள் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் அவசரத்துக்கு என்பது போய் அதுவே அன்றாடம் ஆயிற்று. நான் கணினியைவிட டீசல் பீப்பாயைத்தான் அதிகம் எண்ணினேன். எட்டே மாதத்தில் கடையைக் கட்டினோம். 2015 வாக்கில் மின்வெட்டு ஓய்ந்தது. அதே வருடக் கடைசியில் சென்னையில் வெள்ளம். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் ஏரியாகிக் கிடக்க, ஊழியர்களை பஸ் ஏற்றி பெங்களூருக்கு அனுப்பினோம். ஒரே ஊரில் எல்லா முட்டையையும் வைத்திருந்ததற்கு அது தண்டம். அடுத்த வருடமே வர்தா புயல்.

ஆனாலும் சிறு ஊர்களுக்குக் கதவைத் திறந்தது மழையோ புயலோ இல்லை, 2020. அதுவரை ஊழியர் வீட்டிலிருந்து அழைப்பு எடுக்க வேண்டுமென்றால் நிறுவனம் ஒரு கோடி ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். ஊரடங்கில் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நவம்பரில் வந்த புதிய விதிகளில் அந்த உத்தரவாதமே ரத்தானது. அழைப்பைப் பிரிக்கும் பெட்டியும் அதற்குள் கிளவுடுக்குப் போய்விட்டது. இப்போது விழுப்புரத்தில் இருபது பேர், சேலத்தில் முப்பது பேர் என்று உட்கார்ந்தாலும் வரிசை ஒன்றுதான்.

சிறு ஊர்களுக்குப் போகச் சொல்லி அரசுகளும் கையைப் பிடித்து இழுத்தன. மத்திய அரசின் பி.பி.ஓ. ஊக்குவிப்புத் திட்டம் 48,300 இருக்கைகளுக்கு, ஓர் இருக்கைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவி அறிவித்தது. சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களுக்கு அதில் பங்கில்லை. மாநில அரசின் மினி டைடல் பூங்கா விழுப்புரம் மாவட்டத்தில் 2024 பிப்ரவரியில் 63,000 சதுர அடியில் திறந்தது. செப்டம்பரில் தஞ்சாவூரும் சேலமும்.

நாங்கள் டைடலில் இல்லை. ஊருக்குள் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. முதலில் பார்த்தது அதைவிட மலிவான இடம், நானும் பழைய புத்தியில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மலிவு ஏன் என்று தை பிறந்ததும் தெரிந்தது: பக்கத்துச் சுவர் கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவர் பில் தகராறை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, உங்க ஆபீஸ்ல யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டார். அந்தப் பதிவை இன்னும் பயிற்சியில் போட்டுக் காட்டுகிறார்கள்.

இப்போது அழைப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள். கேஸ் சிலிண்டர், கடன் தவணை, டி.வி. ரீசார்ஜ். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் ஆறுக்கு முடிகிற வேலை. ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி இல்லை. இங்கே உதவுவது கோபத்தில் இருப்பவரிடம் "சொல்லுங்கப்பா" என்று ஆரம்பிக்கத் தெரிந்த வாய். எங்கள் டீம் லீடர் பண்ருட்டிப் பக்கத்துப் பெண். பெருங்குடியில் மூன்று வருடம் ஹாஸ்டலில் இருந்தவர். "அங்க சம்பளத்துல பாதி ஹாஸ்டலுக்கே போயிடும் சார். இங்க கம்மிதான், ஆனா கையில நிக்குது" என்றார்.

அந்தக் 'கம்மிதான்' எனக்கு உறுத்துகிறது. அதே வேலை, அதே வாடிக்கையாளர், சம்பளம் மட்டும் குறைவு; செலவு குறைந்த இடம் என்று கம்பெனி சொல்வதில் பெரும்பகுதி இதுதான். ஆட்கள் விட்டுப்போவதில்லை என்று மேலிடம் பெருமைப்படுகிறது. போக எதிர்க் கட்டடம் இல்லை என்பதும் அதில் பாதி. சாதாரணமான கேள்விகளை இப்போது மெஷினே எடுத்துக்கொள்வதால், இவர்கள் காதுக்கு வருவது முற்றிப்போன சண்டைகள் மட்டும். அதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

குவாலிஸ் இல்லை, ரூட் போடுவதும் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எங்களிடம் பெண்கள்தான் அதிகம். ரோஸ்டர் போர்டுக்குப் பக்கத்திலேயே பஸ் நேரத்தை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறோம். ஆறு பத்து பஸ்ஸை விட்டால் ஏழரைக்குத்தான் அடுத்தது என்பதால் ஷிஃப்ட் ஐந்து ஐம்பதுக்கே முடியும். அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் மேலிடத்தோடு இரண்டு மாதம் மல்லுக்கு நின்றேன்.

போன மாதம் இன்னொரு ஊரில் கட்டடம் பார்க்கப் போனேன். உரிமையாளர் லிஃப்டைக் காட்டினார், மார்பிளைக் காட்டினார், வாடகையைப் பேசிக்கொள்ளலாம் என்றார். "கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டேன். அவர் கார் சாவியைக் கையில் சுழற்றியபடி யோசித்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கீழே டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார்.