டொமைன் யார் பேர்ல இருக்கு?

சின்ன பிசினஸுக்கு வெப்சைட் போடுறது எப்படின்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. தீம், கலர், லோகோ எல்லாம் கடைசியில கொஞ்சமா பேசிக்கலாம். முக்கால்வாசி நேரம் டொமைன் பத்திதான் பேசப்போறேன். அதுக்குக் காரணம் எங்க சித்தி.

சித்தி ஈரோட்டுல வீட்டிலேயே பொடி வகைகள் அரைச்சு விக்கிறாங்க. நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கும்போது ஒரு வெப்சைட் பண்ணித் தரச் சொன்னாங்க. "செமஸ்டர் முடியட்டும் சித்தி"ன்னேன். எட்டு செமஸ்டரும் முடிஞ்சுது, நான் பண்ணல. கடைசியில ஊர்லயே டிசைன் வேலை பார்த்த ஒரு தம்பிகிட்ட கொடுத்தாங்க. அவர் நல்லாத்தான் செஞ்சு கொடுத்தார். வருஷா வருஷம் சித்தி அவருக்குப் பணம் அனுப்புவாங்க, சைட் ஓடும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் போன். "ஏங்கண்ணு, நம்ம வெப்சைட்டத் தெறந்தா வேற என்னமோ வருதாமா. கோயமுத்தூர் கஸ்டமர் ஒருத்தர் சொன்னாங்க." திறந்து பார்த்தேன். பொடியைக் காணோம், பக்கம் முழுக்க யாரோட விளம்பரமோ.

இங்க கொஞ்சம் டெக்னிக்கல் பேசணும். டொமைனை வீட்டு முகவரின்னும் ஹோஸ்டிங்கை வீடுன்னும் சொல்லுவாங்க. எனக்கு அந்த உவமை அவ்வளவா பிடிக்காது. டொமைன் உங்க மொபைல் நம்பர் மாதிரி, ஹோஸ்டிங் கைல இருக்கிற போன் மாதிரி. போன் உடைஞ்சா வேற வாங்கலாம், நம்பர் அதேதான். நம்பரை வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணலாம். ஆனா சிம் வேற ஒருத்தர் பேர்ல இருந்து, அவர் ரீசார்ஜ் பண்ணலைன்னா? கொஞ்ச மாசத்துல அந்த நம்பர் முன்பின் தெரியாத ஒருத்தருக்குப் போயிடும். டொமைனும் அப்படியேதான். "டொமைன் வாங்கினேன்"னு சொல்றோமே தவிர, யாரும் வாங்கறதில்ல. வருஷக் குத்தகைதான். டாட் காமை ஒரே தடவையில அதிகபட்சம் 10 வருஷத்துக்குப் பதிவு பண்ணலாம், அவ்வளவுதான்.

ஐகேன் நடத்துற லுக்கப் பக்கத்துல சித்தியோட டொமைனைப் போட்டுப் பார்த்தேன். உரிமையாளர் பேர், மெயில் எல்லாம் பிரைவசிக்காக மறைச்சிருந்தது. ஆனா எந்த ரெஜிஸ்ட்ராருங்கிறதும், ஸ்டேட்டஸும் தெரிஞ்சுது: ரிடெம்ப்ஷன் பீரியட்.

டாட் காம் காலாவதியானா உடனே போயிடாது. முதல்ல சலுகைக் காலம், ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரைக்கும் இருக்கலாம். வழக்கமான காசு கட்டினாலே பெரும்பாலும் திரும்பக் கிடைச்சிடும். அதைத் தாண்டி டெலீட் ஆனா, 30 நாள் ரிடெம்ப்ஷன். இப்பவும் மீட்கலாம், ஆனா அபராதம் பல மடங்கு. அதுவும் பழைய உரிமையாளர் அதே ரெஜிஸ்ட்ரார் மூலமாத்தான் மீட்க முடியும். அதுக்கப்புறம் 5 நாள் பெண்டிங் டெலீட். அந்த அஞ்சு நாள்ல யாராலும் எதுவும் செய்ய முடியாது. அது முடிஞ்சதும் யார் வேணும்னாலும் எடுக்கலாம். அந்த நொடிக்காகவே புரோகிராம் எழுதிக் காத்திருக்கிற கம்பெனிகள் இருக்கு.

ரெஜிஸ்ட்ராருக்குப் போன் பண்ணேன். "நீங்க அக்கவுண்ட் ஹோல்டரா சார்?" இல்ல. "சாரி சார்." ஜிஎஸ்டி சர்டிஃபிகேட், பாக்கெட் போட்டோ எல்லாம் அனுப்பறேன்னு சொன்னேன். எடுபடல. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தா திருடனுக்கும் கொடுத்த மாதிரிதான்.

அந்தத் தம்பியோட பழைய நம்பர் ஸ்விட்ச் ஆஃப். விசாரிச்சு விசாரிச்சு, அவர் துபாய்க்கு வேலைக்குப் போனது தெரிஞ்சு, நம்பர் பிடிச்சு பேசினப்போ பெண்டிங் டெலீட் ரெண்டாவது நாள். பாவம், அவர் ஏமாத்தல. ரிமைண்டர் எல்லாம் அவர் திறந்தே பார்க்காத பழைய மெயிலுக்குப் போயிருக்கு. "அக்காகிட்ட எப்படிண்ணா பேசுவேன்"னார்.

டிராப் ஆன அன்னிக்கு ரெண்டு இடத்துல பேக்ஆர்டர் போட்டு வச்சிருந்தேன். கிடைக்கல. ஒரு மாசத்துல அந்த முகவரியில ஆன்லைன் சூதாட்ட விளம்பரம். சித்தியோட பாக்கெட் லேபிள்ல அந்த முகவரிதான் அச்சாகியிருக்கு. வீட்டுல 3,000 காலி பாக்கெட். சித்தியும் சித்தப்பாவும் ஹால்ல உக்காந்து ஒவ்வொண்ணா ஸ்டிக்கர் ஒட்டினாங்க. நானும் ரெண்டு நாள் லீவு போட்டு ஒட்டினேன். ஏற்கனவே வித்த பாக்கெட்டை என்ன பண்றது?

ஒரு விஷயத்துல மட்டும் தப்பிச்சோம். சித்தியோட இன்ஸ்டாகிராம், கூகுள் பிசினஸ் புரொஃபைல் ரெண்டும் அந்த டொமைன்ல இருந்த மெயில் ஐடியிலதான் இருந்துச்சு. டொமைன் யார் கைல போகுதோ, அந்த மெயிலும் அவங்க கைல போகும். "பாஸ்வேர்ட் மறந்துட்டேன்"னு ஒரு கிளிக் பண்ணினா முடிஞ்சுது. டிராப் ஆகறதுக்கு முன்னாடியே ரெண்டையும் ஜிமெயிலுக்கு மாத்திட்டோம்.

இப்ப புது சைட். டொமைன் சித்தி பேர்ல, சித்தி ஜிமெயில்ல, சித்தி யுபிஐ-ல. நாங்க வாங்கினப்போ டாட் காம் ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 ரூபாய் ஆச்சு. முதல் வருஷ ஆஃபரைப் பார்த்து மயங்காம, ரெண்டாவது வருஷ ரின்யூவல் விலையைப் பாருங்க. 5 வருஷத்துக்குச் சேர்த்தே கட்டிட்டோம். ஆட்டோ ரின்யூவலை மட்டும் நம்பாதீங்க, கார்டு மாறினா அது நின்னுடும். டாட் இன் வேணும்னா அது நிக்சி கீழ வரும், விதிகள் கொஞ்சம் வேற.

சைட் ஒரே பக்கம்தான். என்னென்ன பொடி, விலை, வாட்ஸ்அப் பட்டன், எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட 14 இலக்க நம்பர். கார்ட், பேமென்ட் கேட்வே எதுவும் வேணாம்னு சித்தியே சொல்லிட்டாங்க, ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்லதான் வருது. கிளவுட்ஃபிளேர் பேஜஸ்ல இலவசமா ஓடுது. எச்டிடிபிஎஸ் பூட்டுக்குத் தனியா காசு கேட்டாங்கன்னா கொடுக்காதீங்க. லெட்ஸ் என்க்ரிப்ட் 2015-ல இருந்தே சர்டிஃபிகேட்டை இலவசமாத்தான் தருது.

உங்க வீட்டு பிசினஸ் டொமைன் வேற யார்கிட்டயாவது இருந்தா, இன்னிக்கே கேளுங்க. சண்டை வேணாம். அதே ரெஜிஸ்ட்ரார்ல நீங்க ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி அதுக்கு மாத்தித் தரச் சொல்லுங்க, பெரும்பாலும் அதுதான் சுலபம். வேற ரெஜிஸ்ட்ராருக்குப் போகணும்னா ஆத் கோடு வாங்கணும். சமீபத்துல பதிவு பண்ணதோ மாத்தினதோன்னா 60 நாள் லாக் இருக்கலாம், பார்த்துக்கோங்க.

சித்தி இப்ப காலாவதி தேதியைச் சமையல்கட்டுக் காலண்டர்ல, சிலிண்டர் மாத்தின தேதிக்குப் பக்கத்துல எழுதி வச்சிருக்காங்க. ஒவ்வொரு ஜனவரியும் புதுக் காலண்டருக்கு அந்தத் தேதியும் மாறுது.

அடுத்த எபிசோட்ல மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போகுதுன்னு பார்ப்போம்.