நாற்பது வருஷத்துக்குப் பின் ஒரு முகம்

கல்யாண வீட்டில் "என்னைத் தெரியலையா?" என்று யாராவது கேட்டாலே திருதிருவென்று விழிக்கிறோம். பல வருஷம் கழித்து ஒரு கொலைகாரனை அடையாளம் காட்டச் சொன்னால்?

அமெரிக்காவில் ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், உக்ரைனில் பிறந்த ஜான் டெம்யான்யுக். அவருடைய 1951 விசாப் படத்தை, நாஜிகளின் டிரெப்ளிங்கா கொலைமுகாமிலிருந்து தப்பிய முதியவர்களுக்கு 1976இல் இஸ்ரேலில் காட்டினார்கள். விஷவாயு அறையை இயக்கிய 'கொடூர இவான்' இவன்தான் என்றார்கள் பலர். 1987இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் நேரில் பார்த்தும் அதையே சொன்னார்கள். 1988இல் மரண தண்டனை.

ஆனால் படம் காட்டிய விதத்தைப் பாருங்கள். அவரைப் போல உருண்டை முகமும் வழுக்கையும் உள்ள வேறு ஆள் அந்த வரிசையில் இல்லை என்றார் டச்சு உளவியலாளர் வாகனார். ஒரு சாட்சியோ, 1943 கலகத்தில் இவான் செத்துவிட்டான் என்று 1947லேயே வாக்குமூலம் கொடுத்தவர்!

அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பட்ட வேதனை நிஜம். முகம்தான் மாறிப்போயிருக்க வேண்டும். சோவியத் கோப்புகளில் பழைய காவலர்கள் சொன்ன பெயர் இவான் மார்ச்சென்கோ. சந்தேகத்தின் பலனைத் தந்து 1993இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

அதற்காக டெம்யான்யுக் அப்பாவி என்று நினைத்துவிடாதீர்கள். சோபிபோர் முகாமில் காவலராக இருந்ததற்காக 2011இல் மியூனிக் நீதிமன்றம் ஐந்தாண்டுத் தண்டனை விதித்தது. மேல்முறையீடு முடியுமுன் 2012இல் இறந்தார். அந்த வழக்கில், அங்கே அவரைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. பேசியது அடையாள அட்டையும் பழைய காகிதங்களும்தான்.