குளிர்க்காற்று வரவேண்டிய இடத்தில் அனல்காற்று வந்தால்...

(வாகனப் பராமரிப்பு குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



குளிர் நாடுகளில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை உண்டு. பனிக்காலத்தில் ஹீட்டரைத் திறந்தால் வெப்பக்காற்றுக்குப் பதில் குளிர்ந்த காற்றே வரும். மலாக்காவில் இருக்கும் நமக்கு அந்தக் கவலை இல்லை. நம்முடைய கவலை அதற்கு நேர்மாறானது. மத்தியான வெயிலில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு ஏர்கோண்டைத் திறந்தால், முகத்தில் அனல் அடிக்கும்.

உடனே என்ன செய்கிறோம்? "கேஸ் முடிந்துவிட்டது" என்று நாமே முடிவு செய்து பட்டறைக்குப் போகிறோம். அவர்களும் கேஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். இரண்டு மாதம் நன்றாகக் குளிர்கிறது. பிறகு பழைய கதைதான். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவர் ஓராண்டில் மூன்று முறை இப்படிக் கேஸ் போட்டார். நான்காவது முறை கம்ப்ரெசரே இறுகிவிட்டது. சிறிய கசிவை அடைக்க வேண்டிய செலவு, கம்ப்ரெசர் மாற்றும் செலவாகப் பெருகியது.

ஒன்றை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏர்கோண்ட் கேஸ் பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதில்லை. அது குழாய்களுக்குள் சுற்றிச்சுற்றி வருவது. இரண்டு மூன்று மாதத்தில் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கேஸோடு சேர்ந்துதான் கம்ப்ரெசருக்கு உயவு தரும் எண்ணெயும் சுற்றுகிறது. கேஸ் கசியும்போது எண்ணெயும் வெளியேறும். எண்ணெய் குறைந்தால் கம்ப்ரெசர் தேய்ந்து, ஒருநாள் இறுகிவிடும்.

குளிர்ச்சி எப்படி வருகிறது?

இன்ஜின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரெசர் கேஸை அழுத்திச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சர் வெளிக்காற்றில் இறக்கிவிடுகிறது. கேஸ் அங்கே திரவமாகிறது. பிறகு அது ஒரு சிறு வால்வு வழியே டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குப் போய், அழுத்தம் குறைந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இந்தச் சுற்றில் எந்த இடம் பழுதானாலும் கடைசியில் நமக்குத் தெரிவது அனல்காற்று மட்டுமே. அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கேஸ் போடக் கூடாது.

நீங்களே பார்க்கக் கூடியவை

முதலில், காற்று வேகமாக வருகிறதா என்று பாருங்கள். விசிறியை முழு வேகத்தில் வைத்தும் காற்று மெதுவாக வந்தால் கேஸைக் குறை சொல்லாதீர்கள். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் காரில் அது வெகு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பல கார்களில் கையுறைப் பெட்டியைக் கழற்றினால் அதை எடுத்துவிடலாம். அதை மாற்றுவதற்குச் செலவும் குறைவு. நீண்ட தூரம் ஓடியபின் காற்று குறைந்து, ஏர்கோண்டைச் சற்று நேரம் அடைத்து வைத்துத் திறந்தால் மீண்டும் குளிர்கிறது என்றால், கூலிங் காயிலில் பனிக்கட்டி கட்டுகிறது என்று பொருள்.

இரண்டாவது, காற்று பலமாக வந்தும் தொடக்கம் முதலே குளிர்ச்சி இல்லையா? இன்ஜினை ஓடவிட்டு, ஏர்கோண்டைத் திறந்து, கையை உள்ளே நீட்டாமல் கம்ப்ரெசரை எட்ட நின்று பாருங்கள். பழைய கார்களில் 'டக்' என்ற சத்தத்தோடு அதன் முன்தட்டு சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பெல்ட் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கேஸ் மிகவும் குறைந்தாலும் கம்ப்ரெசரைக் காப்பதற்காக மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும். சில புதிய கார்களில் கம்ப்ரெசர் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மூன்றாவது, ஹீட்டர் உள்ள கார்களில் குளிர்க்காற்றையும் வெப்பக்காற்றையும் கலக்கும் சிறு கதவு ஒன்று இருக்கும். அது சிக்கிக்கொண்டால் ஏர்கோண்ட் சரியாக இயங்கினாலும் அனல் கலந்துதான் வரும்.

அலட்சியம் செய்யக் கூடாத அறிகுறி

நான்காவது மிக முக்கியம். நெடுஞ்சாலையில் அலோர் காஜாவிலிருந்து ஆயர் குரோ வரை ஜில்லென்று இருக்கிறது. பள்ளி விடுமுறை நாளில் மலாக்கா பட்டண நெரிசலில் கார் நின்றதும் அனல் அடிக்கிறது. அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முன்பக்க மின்விசிறியை. கார் ஓடும்போது எதிர்க்காற்று கண்டன்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை விசிறிதான் செய்ய வேண்டும்.

பல கார்களில் இதே விசிறிதான் ரேடியேட்டரையும் குளிர்விக்கிறது. ஆகவே இன்றைக்கு ஏர்கோண்டில் வரும் அனல், நாளைக்கு இன்ஜின் கொதிக்கப்போவதற்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். வெப்பம் காட்டும் முள் மேலே ஏறினால் உடனே ஏர்கோண்டை அடைத்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, இன்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

விசிறி நன்றாகச் சுற்றியும் இதே குறை இருந்தால் கண்டன்சரைப் பாருங்கள். சேறு, இலை, பூச்சி அப்பியிருந்தால் மெல்லிய நீரால் கழுவுங்கள். அழுத்தமான நீர் அதன் தகடுகளை மடக்கிவிடும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

கேஸ் குழாயை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். பீறிடும் கேஸ் தோலை உறையவைக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இது பட்டறை வேலை. அங்கே மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று: "கேஸ் போடுவதற்கு முன் கசிவைப் பார்த்தீர்களா? எந்த இடத்தில்?" கசிந்த இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு: பழுது பார்த்தபின் வெக்யூம் செய்து, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றினார்களா? மூன்று: கேஸை எடை பார்த்துப் போட்டார்களா? எவ்வளவு கிராம், எந்த வகை என்பது பெரும்பாலான கார்களில் பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும். அளவு கூடினாலும் குளிராது.

1990-களின் நடுப்பகுதிக்கு முந்திய கார்கள் ஆர்-12 வகைக் கேஸுக்காகச் செய்யப்பட்டவை. அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-இல் உருவான மொன்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி கைவிடப்பட்டது. பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். சில புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு வகை வருகிறது. ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் போட்டால் காசும் போகும், காற்றும் கெடும்.

கடைசியாக ஒன்று. காரின் அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள். கூலிங் காயில் வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். அந்தத் தண்ணீர் காருக்குள் மிதியடியை நனைத்தால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த முறை அனல் அடித்தால் இரண்டைக் கவனியுங்கள். காற்று பலமாக வருகிறதா? கார் நிற்கும்போது மட்டும் அனலா, ஓடும்போதும் அனலா? இந்த இரண்டு பதிலோடு பட்டறைக்குப் போனால், பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.