மாமரத்து நிழலில் ஓர் இலைத் தோட்டம்

"அக்கா, இந்த மாமரத்தை வெட்டிப்போட்டு பின்வளவு முழுக்கச் சீமெந்து போடுங்கோ. கூட்டுற வேலையும் மிச்சம், இருட்டும் போயிடும். காசை நான் தாறன்."

2017ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வந்து நின்ற என் தம்பி சொன்ன வார்த்தைகள் இவை. எனக்கு முழங்கால் நோ. நாளுக்கு இரண்டு தடவை சருகு கூட்டுவதைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான் சொன்னான். இவரும் மறுத்துப் பேசவில்லை. எனக்குத்தான் மனம் வரவில்லை.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில் செம்மண் பகுதியில் இருக்கிறது. குசினியிலிருந்து கிணற்றடிக்குப் போகும் வழியில் நிற்கும் கறுத்தக் கொழும்பான் மரம் என் அம்மா நட்டது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது ஓடும் இல்லை, கதவு நிலைகளும் இல்லை. அந்த மரம் மட்டும் காய்த்துக் குலுங்கிக்கொண்டு நின்றது. அதை எப்படி வெட்டச் சொல்வது?

ஆனால் தம்பி சொன்னதிலும் நியாயம் இருந்தது. மரத்தடியில் எதுவுமே உருப்படவில்லை. றோஜா வைத்தேன்; நெட்டையாக வளர்ந்து ஒரு மொட்டும் வைக்காமல் நின்றது. மல்லிகை வைத்தேன்; இலை மட்டும் விட்டது. செவ்வந்தி அழுகிப் போனது. மண் சரியில்லை, மாமரத்துச் சூடு, எனக்குக் கைராசி இல்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணத்தை அடுத்த வருடம் கனடாவில் அறிந்துகொண்டேன்.

மகளின் வீட்டு வெறும் மண்

2018 சித்திரையில் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ரொறன்ரோ போனேன். அவளது வீட்டுப் பின்பக்கமும் எங்கள் பின்வளவு போலத்தான். பெரிய மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. அதன் கீழே வெறும் மண். "பிள்ளை, உன்ர மரத்தடியிலும் ஒண்டும் முளைக்காது போல" என்றேன். "பொறுங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

பத்து நாள் கழித்து அந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு ஊதாவும் பச்சையும் கலந்த கூர்முனைகள் எட்டிப் பார்த்தன. சுருட்டிய பாய் விரிவதுபோல அவை விரிந்தன. ஆனி மாதம் வந்தபோது மரத்தடி முழுவதும் இலை. நீலம் பூசியது போன்ற இலை, வெள்ளைக் கரை போட்ட இலை, எலுமிச்சை மஞ்சள் இலை எனப் பல வகை. வெயிலே படாத இடத்தில் அப்படி ஓர் அழகை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதன் பெயர் ஹோஸ்டா. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளின் காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் இயற்கையாக வளர்வது. ஹோஸ்ட் என்ற ஒஸ்ரியத் தாவரவியலாளரின் பெயரை 1812இல் இதற்குச் சூட்டினார்கள். ஜப்பானில் சில வகைகளின் இளந்தளிரைக் கீரையாகவும் உண்கிறார்கள். இன்று ஆயிரக்கணக்கான வகைகள் இருக்கின்றன.

மகளுக்கு இந்தக் கன்றுகளைப் பிரித்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மா. எண்பது வயது இருக்கும். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவுதான். ஆனாலும் செடியைக் காட்டிக் கதைக்கும்போது எங்களுக்கு மொழி குறுக்கே நிற்கவில்லை.

இலையைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்தல்

ஹோஸ்டாவைப் பூவுக்காக வாங்குவோர் குறைவு, இலைக்காகத்தான் வாங்குகிறார்கள். அந்த அம்மா எனக்குக் கற்றுத் தந்த முதற்பாடம், இலையின் நிறமே அதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று சொல்லிவிடும் என்பது.

நீல இலையில் தெரியும் நீலம் உண்மையில் ஒரு மெழுகுப் பூச்சு. வெயில் பட்டால் அது கரைந்து இலை வெறும் பச்சையாகிவிடும். ஆகவே 'ஹல்சியன்' போன்ற நீல வகைகளை நல்ல நிழலில் வைக்க வேண்டும். மஞ்சள் இலை வகைகளுக்குக் காலை வெயில் சிறிது கிடைத்தால்தான் நிறம் எடுக்கும். 'பேட்ரியட்' போன்ற வெள்ளைக் கரை வகைகள் இருண்ட மூலையையும் வெளிச்சமாகக் காட்டும். சீனாவிலிருந்து வந்த ஒரு வகை மட்டும் இரவில் வாசனையான வெள்ளைப் பூ பூக்கும். அதற்கு மற்றவற்றைவிடச் சற்று அதிக வெயில் வேண்டும்.

இரண்டாவது பாடம் அளவைப் பற்றியது. 'புளூ மவுஸ் இயர்ஸ்' என்ற வகை ஒரு சாண் உயரத்திற்கு மேல் வளராது. 'சம் அன்ட் சப்ஸ்டன்ஸ்' என்ற வகையோ ஐந்தடி அகலத்திற்கு விரிந்துவிடும். இரண்டையும் அருகருகே வைத்தால் சின்னது காணாமல் போகும். கடையில் கன்றாக இருக்கும்போது இரண்டும் ஒரே அளவுதான். வளர்ந்தபின் எவ்வளவு வரும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது பாடம் நத்தை. ஹோஸ்டாவின் பெரிய எதிரி அதுதான். மெல்லிய இலையை ஓர் இரவிலேயே சல்லடையாக்கிவிடும். தடித்த, மெழுகு பூசிய இலைகளை அவ்வளவாகத் தொடாது.

நான்காவது பாடம் பொறுமை. கூர்முனைகள் வெளிவரும் வசந்தத் தொடக்கத்தில் செடியைக் கிளப்பி, ஒவ்வொரு துண்டிலும் முளையும் வேரும் இருக்கும்படி பிரித்து நடுவார்கள். அது தன் முழு அழகுக்கு வர நாலைந்து வருடம் செல்லும்.

ஏன் கொண்டுவர முடியவில்லை?

திரும்பி வரும்போது நாலு கிழங்கைச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவரலாம் என்று ஆசைப்பட்டேன். மகள் தடுத்துவிட்டாள். இறக்குமதி அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் கன்றுகளை இலங்கைக்குள் கொண்டுவருவது குற்றம். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. ஒரு கைப்பிடி மண்ணோடு வரும் நோய் ஊர்த் தோட்டங்களையே அழித்துவிடலாம்.

சட்டம் விட்டிருந்தாலும் பயனில்லை என்பதைப் பிறகு விளங்கிக்கொண்டேன். ஹோஸ்டாவுக்குக் குளிர்கால உறக்கம் கட்டாயம். இலைகளை உதிர்த்துவிட்டு, பல வாரங்கள் கடுங்குளிரில் மண்ணுக்குள் உறங்கினால்தான் அடுத்த வசந்தத்தில் பலமாக முளைக்கும். அந்த உறக்கம் கிடைக்காவிட்டால் வருடத்துக்கு வருடம் மெலிந்து செத்துவிடும். எங்கள் மார்கழிப் பனியெல்லாம் அதற்குக் கோடைதான்.

அப்போதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. வெயிலில் நிற்க வேண்டிய றோஜாவை இருபது வருடமாக நிழலில் நட்டுவிட்டு மாமரத்தைக் குறை சொல்லியிருக்கிறேன். ஹோஸ்டாவைக் கொண்டுபோய் வைப்பதும் அதே பிழைதான். என் நிழலை விரும்பும் செடி எது என்றுதான் நான் தேடியிருக்க வேண்டும்.

முதலில் நிழலை அளந்து பாருங்கள்

சகோதரிகளே, கன்று வாங்கப் போவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் உங்கள் வளவைப் பாருங்கள். காலை எட்டு மணி, நண்பகல், மாலை நாலு மணி என மூன்று வேளையும் வெயில் விழும் இடத்தில் ஒரு தடியை ஊன்றி வையுங்கள். வெள்ளைத் தாளொன்றை நிலத்தில் வைத்து, ஓர் அடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். கையின் நிழல் கூர்மையாக விழுந்தால் அங்கே நல்ல வெளிச்சம் உண்டு. மங்கலாக விழுந்தால் நடுத்தர நிழல். விழுந்ததே தெரியாவிட்டால் கடும் நிழல்.

என் வளவில் கிணற்றடிப் பக்கம் காலை வெயில், மரத்தின் நடுவில் நடுத்தர நிழல், மதிலோரம் கடும் நிழல் என்று கண்டுகொண்டேன். பிறகு வேலை இலகுவாகிவிட்டது.

என் மரத்தடியில் நிலைத்தவை

*கலேடியம்:* எங்கள் ஹோஸ்டா இதுதான் என்பேன். சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் இதய வடிவ இலை. நடுத்தர நிழலில் நன்றாக வரும். வரட்சியில் இலைகள் மடிந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். ஐப்பசி மழைக்கு மீண்டும் முளைக்கும். கனடா போவதற்கு முன் எத்தனை கலேடியம் சாடிகளைச் செத்துவிட்டதென்று குப்பையில் கொட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் கவலைதான். உறங்கும் காலத்தில் சாடியை நனையாத இடத்தில் வைத்து, தண்ணீரைக் குறைத்துவிட்டால் போதும்.

*அக்லோனிமா:* கடும் நிழலையும் தாங்கும். தண்டை வெட்டி நட்டாலே வேர்விடும். சிவப்பு நிற வகைகளுக்குச் சற்று வெளிச்சம் வேண்டும். பச்சை வகைகள் மதிலோரத்திலும் செழிக்கும்.

*பாம்புக் கற்றாழை:* மறந்துபோய்த் தண்ணீர் விடாவிட்டாலும் கோபிக்காது. மஞ்சள் கரையுள்ள வகையை இலை வெட்டி நட்டால் கரை இல்லாத பச்சைக் கன்றுதான் வரும். கரை வேண்டுமென்றால் பக்கக் கன்றைப் பிரித்து நட வேண்டும்.

*பன்னங்கள்:* கிணற்றடி ஈரத்துக்கு ஏற்றவை. காற்று அடிக்கும் இடம் ஆகாது.

*குசினிக்கு உதவுபவை:* ரம்பை, வல்லாரை, வெற்றிலைக் கொடி, மஞ்சள், இஞ்சி ஆகியவை காலை வெயிலும் பகல் நிழலும் கிடைக்கும் இடத்தில் நன்றாக வருகின்றன. இப்போது நான் ரம்பைக்கும் வல்லாரைக்கும் சந்தைக்குப் போவதில்லை.

குரோட்டன் வாங்க வேண்டாம். நிழலில் அதன் நிறம் மங்கிவிடும்.

மரத்துக்கு நோகாமல் நடுவது

மரத்தடியில் பெரிய பாத்தி வெட்டினால் மரத்தின் வேரும் அறுபடும், செடியும் மரத்தோடு தண்ணீருக்குப் போட்டியிட்டுத் தோற்றுப்போகும். அடிமரத்தைச் சுற்றி மண் அணைத்து மேடாக்கவும் கூடாது, பட்டை அழுகிவிடும். நான் பெரும்பாலானவற்றைச் சாடிகளில்தான் வைத்திருக்கிறேன். சில சாடிகளைப் பாதியளவு மண்ணில் புதைத்துவிட்டேன். பார்ப்பதற்கு நிலத்தில் வளர்ந்தது போலவே இருக்கும்.

செம்மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு என்பது என் கலவை. அந்தக் கூட்டெருவே கூட்டித் தள்ளிய மாஞ்சருகிலிருந்து வருவதுதான். மாவிலை உக்க நாள் எடுக்கும். நொறுக்கிப் போட்டு, சாணம் கரைத்து ஊற்றினால் விரைவாக உக்கும்.

எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். இலையில் தெளித்தால் வெண்புள்ளி விழும். மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். மேல் மண் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து ஊற்றினால் போதும். நிழலில் ஈரம் மெதுவாகத்தான் காயும். அளவுக்கு மிஞ்சிய தண்ணீரால்தான் நிழல் செடிகள் அதிகம் சாகின்றன.

கவனிக்க வேண்டியவை

மழைக்காலத்தில் ஆபிரிக்கப் பெருநத்தைகள் வரும். இரவில் ரோச் வெளிச்சத்தில் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். மூளையைப் பாதிக்கும் ஒரு வகைப் புழுவை அவை காவக்கூடும். உப்பைச் சாடிக்குள் போட்டுவிடாதீர்கள், செடி செத்துவிடும்.

சாடியின் கீழ்த் தட்டுகளில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு நுளம்புக்கு அந்தச் சிறு தட்டே போதும். நான் தட்டுகளையே எடுத்துவிட்டேன்.

கலேடியம், அக்லோனிமா, டிஃபன்பாக்கியா ஆகியவற்றைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டிய பின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மரம் நிற்கிறது

தம்பி 2023இல் திரும்பவும் வந்தான். அவனிடம் ஒன்றைச் சொன்னேன். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணத்தில் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புப் பாறைக்குள் சேர்வதைத்தான் வருடம் முழுவதும் குடிக்கிறோம். வளவை எல்லாம் சீமெந்தால் மூடினால் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

அவன் பதில் சொல்லவில்லை. பின்னேரத் தேநீரை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குத்தான் போனான். "லண்டனிலும் இப்பிடி ஒரு மூலை இருக்கு, அங்க என்ன வைக்கலாம் அக்கா?" என்று கேட்டான். "ஹோஸ்டா வை" என்றேன்.

மகள் ஒவ்வொரு சித்திரையிலும் தன் வெறும் மண்ணைக் கைத்தொலைபேசியில் காட்டுவாள். நான் என் வெறும் கலேடியம் சாடிகளைக் காட்டுவேன். இரண்டு பேரும் எதையும் வீசுவதில்லை.

உங்கள் வளவிலும் ஒன்றும் முளைக்காத ஓர் இருண்ட மூலை இருக்கலாம். மரத்தில் கத்தி வைக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் பாருங்கள்.