370 கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு வேன்

கொக்கிளாயில் இருந்துகொண்டு பாவித்த வேன் தேடுகிறவருக்கு விளம்பரங்களில் கண்ணுக்குப் பிடித்ததெல்லாம் நீர்கொழும்பு, குருநாகல், கொழும்பு என்று தூரத்திலேயே நிற்கும். கொழும்புக்கு வீதி வழியாக ஏறக்குறைய 370 கிலோமீற்றர். களப்பின் முகத்துவாரத்துக்கு அக்கரையில் தெரிகிற புல்மோட்டையில் ஒன்று விலைக்கு வந்தாலும் பாலம் இல்லை. வேன் களப்பைச் சுற்றித்தான் வரவேண்டும்.

இலண்டனில் இருக்கும் மச்சான் மோட்டார்ஹோம் வாங்கினால் அதற்குள் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கும். இங்கே அந்த வேலையைப் பார்ப்பது சாதாரண வேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆடியில் கதிர்காமம், ஓகஸ்ட் 15இல் மடு. பாய், பானை, காஸ் அடுப்பு ஏற்றினால் அதுதான் வீடு. ஊரில் பலரும் இதற்குத் தேடுவது டொல்பின் என்று அழைக்கும் ஹைஏஸ் வேன். ஹைஏஸின் அந்தத் தலைமுறை 1989இல் வந்தது; 2004இல் அடுத்தது வந்துவிட்டது. ஆக, 20 வயதுக்குக் குறைந்த டொல்பின் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

இவ்வளவு கிழட்டு வண்டிக்கு இவ்வளவு விலை ஏன்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1இல். ஏறத்தாழ ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்ததையே ஆளுக்காள் மாற்றிக்கொண்டோம். திறந்த பிறகும் புதிதாக வருவதன் மேல் 18 சதவீத வற் வரி, எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி என்று ஏறுவதால் பழையது விலை இறங்க அவசரப்படவில்லை.

இனிக் கணக்கு. வேனின் விலை 45 இலட்சம் என்று வைப்போம். கீழே வரும் கூலியும் கட்டணமும் என் உத்தேசம். உங்கள் தொகையைப் போட்டுப் பார்க்கலாம்.

வாங்குகிறவரும் மெக்கானிக்கும் பஸ்ஸில் போய்வர, வழிக்கு 2,000 வீதம்: 8,000
மெக்கானிக்கின் இரண்டு நாள் கூலி: 15,000
சாப்பாடு, தங்கல்: 10,000
கராஜில் தூக்கிப் பார்க்க: 5,000
மொத்தம்: 38,000 ரூபாய்

வேன் பிடித்துவிட்டால் திரும்பும் பஸ் காசு 4,000 மிச்சம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்றால் ஊர் வந்துசேர 37 லீற்றர் டீசல். 2025 தொடக்கத்தில் லீற்றர் 286 ரூபாயாக இருந்தது, அதன்படி 10,582. (2022 ஜூன் கடைசியில் 460 ஆனபோது இதே ஓட்டத்துக்கு 17,020 வந்திருக்கும், அதுவும் டீசல் கிடைத்திருந்தால்.) எல்லாம் சேர்த்து 44,582 ரூபாய், விலையில் நூற்றுக்கு ஒன்றுகூட முழுதாய் வரவில்லை.

இந்த ஒன்றை மிச்சம் பிடிக்கத்தான் சனம் வட்ஸ்அப் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு இலட்சம் முற்பணம் போடுகிறது. அந்த ஒரு இலட்சத்தில் இரண்டு முறை நேரில் போய், பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பினாலும் 24,000 மிஞ்சும். வீடியோவில் தெரிவது பெயின்ற். துரு இருப்பது தரைவிரிப்புக்குக் கீழே, சில்லு வளைவுகளின் உள்பக்கம், கதவடியில். நீர்கொழும்புக் கரையில் உப்புக் காற்றுக் குடித்த தகட்டைக் கொக்கிளாய்க் கரைக்குக் கொண்டுவந்தால் துரு ஓய்வெடுக்கப் போவதில்லை. மெக்கானிக் கட்டாயம் கேட்கவேண்டிய இன்னொன்று ரைமிங் பெல்ற். டொல்பினில் வரும் 2,446, 2,779, 2,986 சீசீ டீசல் எஞ்சின்கள் மூன்றிலும் அது உண்டு. 100,000 கிலோமீற்றரில் மாற்றவேண்டும். மீற்றரில் எத்தனை ஓடியது என்பதை நம்பமுடியாத வண்டியில், மாற்றிய பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுக்கவேண்டும்.

வவுனியாவில் இதே மாதிரி வேன் 47 இலட்சம் என்றால், தூரத்து வேனில் இலாபம் 2 இலட்சம். பயணச் செலவு போக 155,418. அதற்கு நான்கு டயர் மாற்றவேண்டி வந்தால், 30,000 வீதம் 120,000. மிச்சம் 35,418. ரைமிங் பெல்ற்றும் வந்தால் அதுவும் கரைந்துவிடும். இரண்டு இலட்சத்துக்குக் குறைந்த விலை வித்தியாசத்துக்காகத் தெற்கே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடதாசிப் பக்கத்தில் செலவு சொற்பம், ஆபத்து முழு விலைக்கும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், காசு வாங்குகிறவர் விற்க முடியாத ஒன்றை விற்கிறார். எஞ்சின், செசி இலக்கங்களை வண்டியில் தேய்த்துப் பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிடவேண்டும். கைமாறி 14 நாளுக்குள் விற்றவர் எம்ரிஏ 6 படிவமும், வாங்கியவர் எம்ரிஏ 8உம் கொடுக்கவேண்டும். நாலு பேர் கைமாறியும் முதலாமவரின் கையெழுத்தோடு திரியும் ‘ஓப்பன் பேப்பர்’ வேன் மலிவாய் இருப்பதற்குக் காரணம் அதுதான். ஒரு நன்மை: 2023 முதல் இலக்கத்தகட்டில் மாகாண எழுத்து இல்லை, மேல் மாகாணத்து வண்டிக்காகத் தகடு மாற்றத் தேவையில்லை.

ஆறு பேர் மூன்று நாள் தங்கச் சுமை எவ்வளவு? ஆட்கள் 360 கிலோ. ஆளுக்கு நாளுக்கு 5 லீற்றர் தண்ணீர், 90 கிலோ. அரிசி 400 கிராம் வீதம் 7.2 கிலோ. 12.5 கிலோ காஸ், சிலிண்டரின் இரும்பு வேறு. வேனின் வெளி அகலமே 1.7 மீற்றர்தான், குறுக்கே படுக்க முடியாது, நீளப்பாட்டுக்கு இருவர், நெருங்கினால் மூவர். மற்றவர்களுக்குத் தறப்பாள்.

கடைசி வரிதான் கூடக் கசக்கும். வற்றாப்பளை 2, கதிர்காமம் 6, மடு 4 நாள்: வருடத்தில் 12 நாள். 45 இலட்சத்தை 8 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடம் 360,000. திருவிழாவுக்கு மட்டும் என்றால் டீசலும் திருத்தமும் சேர்க்காமலே நாளுக்கு 30,000 ரூபாய். அதைவிட வாடகை வேன் பிடிப்பது புத்தி. மற்ற நாட்களில் பள்ளிக்கூட ஓட்டம், முல்லைத்தீவு ஆஸ்பத்திரி ஓட்டம் பிடித்து உழைக்கிற வண்டிக்குத்தான் இந்தப் பேரேட்டில் இடம். அதற்கு இருக்கைகள் வேண்டும். விற்கிறவர் பின் இருக்கைகளை வெட்டி எறிந்துவிட்டுக் கட்டில் அடித்து, ‘கரவன்’ என்று விலை கூட்டிச் சொன்னால், இருக்கை திரும்பப் பொருத்தும் செலவைக் கேட்ட விலையிலிருந்து முதலில் கழியுங்கள்.