அடைக்கலப் பொருள்: நடிகர் ஜாக்கி கூகனின் வாழ்க்கைக் கணக்கு

சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்தை நம்மில் பலர் டி.வி.யிலாவது பார்த்திருப்போம். தொளதொளத்த கால்சட்டையும் கோணல் தொப்பியுமாக ஒரு பொடியன் ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் அடித்து உடைப்பான். கொஞ்ச நேரத்தில் முதுகில் கண்ணாடியைச் சுமந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல் சாப்ளின் அந்தத் தெருவில் வருவார். உடைப்பது பிள்ளை, மாட்டுவது வளர்த்தவர். நல்ல கூட்டு வியாபாரம்! அந்தப் பொடியன்தான் ஜாக்கி கூகன். ஹாலிவுட்டின் முதல் பெரிய குழந்தை நட்சத்திரம் என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் அவனையே குறிப்பிடுகிறார்கள்.

அடியேன் சினிமா ஆராய்ச்சியாளன் அல்லன். நாற்பது வருஷமாக வெளிமாநிலத்தில் பாத்திரக்கடை வைத்துப் பிழைப்பவன். கடை மூடிய பிறகு படிப்பது பழக்கம். பேரேடு புரட்டிய கண்ணோடு ஜாக்கி கூகனின் வாழ்க்கையைப் படித்தபோது, அதில் வரவுப் பக்கம் மலைபோல இருப்பதும், இருப்பு மட்டும் காணாமற் போயிருப்பதும் தெரிந்தது. அந்த இருப்பு எங்கே போயிற்று, அதனால் சட்டம் எப்படி மாறியது, பிள்ளைகளை வைத்திருக்கும் நமக்கு அதில் என்ன பாடம் என்பதே இக்கட்டுரை.

மேடையிலிருந்து திரைக்கு

ஜாக்கி 1914 அக்டோபர் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தான். அப்பாவும் அம்மாவும் நாடக மேடைக் கலைஞர்கள். அப்பா நடனக்காரர். 1919இல் அந்த ஊர் ஆர்ஃபியம் அரங்கில் அப்பாவின் ஆட்டத்தின் முடிவில் பையனும் வந்து ஆடிக் காட்டினான். அரங்கில் இருந்த சாப்ளினுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அடுத்து நடந்ததைச் சாப்ளின் தம் சுயசரிதையில் வேடிக்கையாகச் சொல்கிறார். 'கூகனை ஆர்பக்கிள் ஒப்பந்தம் செய்துவிட்டார்' என்று ஒரு செய்தி வருகிறது. ஆர்பக்கிள் என்பவர் அந்தக் காலத்துப் பெரிய நகைச்சுவை நடிகர். கைக்கு வந்தது போய்விட்டதே என்று சாப்ளின் நொந்துபோகிறார். பிறகுதான் தெரிகிறது, ஒப்பந்தமானது அப்பா கூகன், பிள்ளை அல்ல! உடனே பையனைப் பிடித்துக்கொண்டார். 1919இல் ஒரு சிறு படத்தில் தலைகாட்ட வைத்துவிட்டு, 1921இல் வெளிவந்த 'தி கிட்' படத்தில் தமக்குச் சரிசமமாக நடிக்க வைத்தார். அப்போது ஜாக்கிக்கு வயது ஆறு.

அதே சுயசரிதையில் இன்னொரு செய்தியும் உண்டு. அநாதை விடுதிக்காரர்கள் குழந்தையைப் பறித்துக்கொண்டு போகும் காட்சிக்குப் பையன் அழவேண்டும். அவனோ குஷியாக இருக்கிறான், அழுகை வரவில்லை. அப்பா தனியே கூட்டிப் போய், அழாவிட்டால் நிஜமாகவே விடுதிக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறார். பையன் தேம்பித் தேம்பி அழுகிறான். படம் பார்த்தவர்களையும் அழவைத்த காட்சி அது. குழந்தை நடிக்கிறதா, உழைக்கிறதா என்ற கேள்வி அந்த இடத்திலேயே எழுந்துவிடுகிறது.

வரவுப் பக்கம்

'தி கிட்' வெளிவந்ததும் ஜாக்கி உலகப் புகழ் அடைந்தான். 1922இல் 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்தில் கதாநாயகன். 1923இல் மெட்ரோ நிறுவனம் அவனை இழுத்துக்கொள்ளவே 5 லட்சம் டாலர் முன்பணம் கொடுத்ததாக அந்நாளில் பேசப்பட்டது. அவன் பெயரைப் போட்டுப் பொம்மை, விசில், எழுதுபொருள், பீநட் பட்டர் எனப் பலவும் விற்றன. பெயரே சரக்காக விலைபோன பிள்ளை.

நல்ல காரியத்துக்கும் அந்தப் பெயர் உதவியது. 1924இல், போரினால் அநாதைகளான ஆர்மீனிய, கிரேக்கக் குழந்தைகளுக்காக ஊர் ஊராகப் போய், 10 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள உணவும் துணியும் சேர உதவினான். ரோமில் போப்பாண்டவரையும் சந்தித்தான்.

பிள்ளை வளர்ந்தால் குழந்தை வேஷம் நிற்காது. 1927இல் அவனுடைய நீள முடியை வெட்டியதையே ஒரு படத்துக்குக் கதையாக்கினார்கள். அதன்பின் வாய்ப்புகள் குறைந்தன. குழந்தைப் பருவத்தில் அவன் சம்பாதித்தது 30 லட்சத்திலிருந்து 40 லட்சம் டாலர் வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அவன் கைக்கு வாரச் செலவுக்கென்று வந்தது 6 டாலர் 25 சென்ட்.

இருப்பு எங்கே?

1935 மே 4 அன்று ஒரு பெரிய இடி. ஜாக்கி, அப்பா, நண்பரான இளம் நடிகர் ஜூனியர் டர்கின், மேலும் இருவர் பயணம் செய்த கார் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ வட்டாரத்து மலைப்பாதையில் உருண்டது. ஐவரில் ஜாக்கி மட்டுமே பிழைத்தார். அப்பா இருந்தவரை தன் பணம் பத்திரமாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்றே அவர் நம்பியிருந்தார். இருபத்தொரு வயது நிறைய அப்போது இன்னும் ஐந்தரை மாதமே பாக்கி.

வயது நிறைந்தது. பணம் வரவில்லை. குடும்பத்தின் நிதி விவகாரங்களைக் கவனித்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டீன் என்பவரைத் தாயார் மறுமணம் செய்துகொண்டார். 1938 ஏப்ரலில் ஜாக்கி இருவர் மீதும் வழக்குத் தொடுத்தார். பெற்ற தாய் மீது வழக்கு என்றதும் அமெரிக்காவே திரும்பிப் பார்த்தது. வைரம், கம்பளி மேலங்கி, கார் என்று பணம் போன வழிகள் பத்திரிகைகளில் வெளிவந்தன.

தாயார் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? அவனுக்குப் பணம் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கேமரா முன்னால் அவன் விளையாடிக்கொண்டுதான் இருந்தான். சட்டப்படி வயது வராத பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம். கேட்க வயிறு எரிகிறது. ஆனால் கடைசியாகச் சொன்னது அன்றைய கலிஃபோர்னியா சட்டத்தில் உண்மையாகவே இருந்தது.

1939இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மிச்சம் இருந்ததே ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர்தான். அதில் ஜாக்கிக்குக் கிடைத்தது 1,26,000 டாலர். இந்தக் கஷ்ட காலத்தில் சாப்ளினிடம் போய் நின்றபோது, அவர் யோசிக்காமல் 1,000 டாலர் கொடுத்தார் என்பார்கள். நடிகை பெட்டி கிரேபிளோடு 1937இல் நடந்த கல்யாணமும் 1939இல் முறிந்தது.

சட்டம் ஏன் அப்படி இருந்தது?

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளைக்குச் சோறும் துணியும் போடுவது தகப்பன் கடமை. அதற்கு ஈடாகப் பிள்ளையின் உழைப்பும் தகப்பனுக்கு. இது இங்கிலாந்திலிருந்து வந்த பழைய வழக்கம். வயலில் களை பறிக்கிற பிள்ளைக்கு இது சரிதான். நம் கடைகளிலும் ஸ்கூல் விட்டு வந்த பையன் கல்லாவில் உட்கார்ந்தால் யாரும் சம்பளம் போடுவதில்லை. முதல் அப்பாவுடையது, பையன் கூடமாட ஒத்தாசை.

ஜாக்கி விஷயம் தலைகீழ். அங்கே முதலே பிள்ளைதான். அவன் முகம், அவன் அழுகை, அவன் சிரிப்பு. அப்பா அம்மாதான் ஒத்தாசை. முதல் யாருடையது என்று பார்க்காமல் பழைய கணக்கையே போட்டதால் வந்த வினை இது.

எங்கள் சமண நூல்களில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. இல்லறத்தாரின் ஐந்து விரதங்களுக்கும் எவையெவை மீறல்கள் என்று உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் பட்டியல் போடுகிறது. அதில் ஒன்று 'நியாசாபஹாரம்'. நியாசம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள், அதாவது அடைக்கலப் பொருள். அதை அபகரிப்பது களவில்தான் சேரும் என்று நாம் நினைப்போம். அந்த நூலோ அதைப் பொய்யாமை விரதத்தின் கீழ் வைக்கிறது. உரை எழுதிய பூஜ்யபாதர் தரும் விளக்கம் இன்னும் நுட்பமானது. பொன்னை ஒப்படைத்தவன் எத்தனை என்பதை மறந்துபோய்க் குறைத்துக் கேட்கிறான். வாங்கி வைத்தவன் 'சரி, அவ்வளவுதான்' என்று தலையாட்டிக் கொடுத்துவிடுகிறான். அதுவே அபகரிப்பு. ஜாக்கியோ மறந்தவர்கூட இல்லை. எண்ணத் தெரியாத வயதில் ஒப்படைத்தவர்.

அவர் பெயரில் ஒரு சட்டம்

வழக்கு கிளப்பிய கொதிப்பில் 1939இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. 'கூகன் சட்டம்' என்று இன்றும் அதற்குப் பெயர். குழந்தை நட்சத்திரத்தின் ஒப்பந்தம் நீதிமன்றத்தின் ஒப்புதலுக்கு வந்தால், வருமானத்தில் பாதி வரை ஒதுக்கிவைக்கும்படி நீதிபதி உத்தரவிடலாம்.

'வந்தால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓட்டை அங்கேதான். பெரிய நிறுவனங்களின் நீண்டகால ஒப்பந்தங்களே நீதிமன்றத்துக்குப் போயின. ஒரு படம், ஒரு விளம்பரம் என்று சில்லறையாக நடித்த பிள்ளைகளின் ஒப்பந்தங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. வருமானம் யாருக்குச் சொந்தம் என்ற மூலக் கேள்வியையும் அந்தச் சட்டம் தொடவில்லை. 2000 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் அதைத் தீர்த்தது: குழந்தை நட்சத்திரத்தின் சம்பாத்தியம் குழந்தைக்கே சொந்தம். மொத்த வருமானத்தில் 15 சதவீதத்தை, வயது வரும்வரை யாரும் எடுக்க முடியாத கணக்கில் வேலை கொடுத்தவரே நேரே கட்டிவிட வேண்டும். ஒரு வரி எழுத 61 வருஷம் ஆகியிருக்கிறது! செல்போன் வீடியோக்களில் தோன்றிச் சம்பாதிக்கும் பிள்ளைகளையும் இப்பாதுகாப்புக்குள் கொண்டுவரும் சட்டங்களைக் கலிஃபோர்னியா 2024இல் இயற்றியது.

அசாமில் இருந்து பறந்தவர்

வழக்கோடு ஜாக்கியின் கதை முடியவில்லை. நம் நாட்டோடு அவருக்கு ஒரு தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1941இல் ராணுவத்தில் சேர்ந்தார். ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரியுமாதலால், எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டும் பிரிவுக்குப் போனார். அவருடைய படைப்பிரிவு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. 1944 மார்ச் 5 இரவு, அசாமின் பராக் பள்ளத்தாக்கில் உள்ள லாலாகாட் தளத்திலிருந்து கிளைடர்கள் கிளம்பின. டக்கோட்டா விமானங்கள் கயிறு கட்டி இழுத்துச் செல்ல, பர்மாவில் ஜப்பானியப் படைகளின் முதுகுக்குப் பின்னால், காட்டு வெளியில் இருட்டில் இறங்கவேண்டும். கிளம்பியவற்றில் பாதி அளவே போய்ச் சேர்ந்தன. பிரிட்டிஷ் வீரர்களை ஏற்றிச் சென்ற அந்த விமானிகளில் ஜாக்கி கூகனும் ஒருவர்.

போருக்குப் பிறகு சின்னச் சின்ன வேஷங்கள். 1964 முதல் 1966 வரை 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' டி.வி. தொடரில் ஃபெஸ்டர் மாமாவாக மறுபடி வீடுவீடாக நுழைந்தார். மொட்டைத் தலை, கறுத்த கண்வளையம், வாயில் வைத்தால் பல்பு எரியும்! உலகமே கொஞ்சிய அந்த முகமா இது என்று ஆச்சரியப்படாதவர் இல்லை. 1972இல் சாப்ளின் வெகுகாலம் கழித்து அமெரிக்கா வந்தபோது அவரை வரவேற்றவர்களில் ஜாக்கியும் இருந்தார். 1984 மார்ச் 1 அன்று, 69 வயதில் மறைந்தார். போன பணம் திரும்பவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த பிள்ளைகள் பலருக்கு அவர் பெயரால் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் அதற்கு 'கூகன் கணக்கு' என்றே பெயர்.

நமக்கு என்ன?

நம் பிள்ளைங்க சினிமாவிலா நடிக்கிறாங்க என்று கேட்கலாம். டி.வி. பாட்டுப் போட்டிக்கும் விளம்பரப் படத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப்போகும் குடும்பங்கள் நம் சங்கங்களிலும் உண்டு. இந்தியாவிலும் 2017ஆம் ஆண்டு விதிகள் இதைப் பற்றிப் பேசுகின்றன. குழந்தைக் கலைஞரிடம் நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது; ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது; வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமான வங்கியில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போடவேண்டும்; வயது வந்ததும் அது பிள்ளையிடம் சேரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் தாய்தந்தையர் இதைக் கேட்டு வாங்குவது அவர்கள் பொறுப்பு.

சட்டம் சொல்வது 20 சதவீதம். அது அரசாங்கம் போட்ட கோடு. மீதி 80 அப்பா அம்மாவுடையது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பிள்ளையின் பயணச் செலவு, பயிற்சிச் செலவு எதுவானாலும் அதிலிருந்து எடுங்கள், எடுத்ததைத் தேதி போட்டு எழுதுங்கள். காதுகுத்துக்கு வந்த மொய்ப்பணமும் பிறந்தநாளுக்கு மாமா கொடுத்த ஐந்நூறும்கூட அந்த நோட்டில் ஏறலாம். இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் வந்த அன்று அதை அவன் கையில், அவள் கையில் கொடுத்து, நீயே கூட்டிப் பார் என்று சொல்லுங்கள்.